ரோட்டுக் காற்று

பால் பொங்குவதைப் பார்த்துப் பயப்படுகிற ஆண்பிள்ளையை அந்த வீட்டில் அதுவரை யாரும் கண்டதில்லை.

அடுப்பில் பால் நுரை கட்டி எழும்பியதும், சமையலறை வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் வாயெல்லாம் பற்பசையோடு இரண்டடி பின்வாங்கினான். பிறகு என்ன நினைத்தானோ, பாய்ந்து வந்து அடுப்பை அணைத்தான்.

"டேய், நீ லீவுல வந்ததுலேர்ந்து இந்த வீட்ல ஒரு நாளாவது காபி சூடா குடிச்சிருக்கோமா?" என்று தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள் அவனுடைய அக்கா. "எல்லாம் வெதுவெதுன்னு, கைக்குழந்தைக்கு ஊத்தற மாதிரி."

"பால் ஏறுதுக்கா."

"பொங்குதுன்னு சொல்லு. பால் பொங்கத்தான் செய்யும்."

"பொங்கறது வேற, ஏறுறது வேற. பொங்கறது சூட்டுனால. ஏறுறது, அடியில எதுவோ கெடந்து மூச்சு விடறதுனால."

மிஷின் சக்கரத்தில் இருந்த அக்காவின் கை அப்படியே நின்றது. அவள் தம்பியைப் பார்க்கவில்லை. அவன் மனைவியைத்தான் பார்த்தாள். 'கேட்டியாம்மா' என்று கேட்காமல் கேட்கிற பார்வை.

மனைவி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கணவனின் துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். இன்று ஆட்களை வேலையிடத்துக்கு ஏற்றிப் போகும் பஸ் வரும்.

கணவன், மனைவி இருவருக்கும் சோறு போடுவது ஒரே சேறுதான். எரிவாயுவுக்காகக் கிணறு தோண்டும் ரிக் ஒன்றில் சேற்றுத் தொட்டிகளைக் கவனித்துக்கொள்வது அவன் வேலை. சத்தமில்லாமல் நடப்பதால் அங்கே அவனுக்குப் 'பூனை' என்று பெயர். தொட்டியில் களிமண்ணும் எடை கூட்டும் மாவும் கலந்து கரைத்த சேற்றைப் பம்ப் மூலம் துளைக்குள் இறக்குவார்கள். சேறு அடிவரை போய்ச் சுற்றிக்கொண்டு மேலே வரும். பூமிக்கடியில் அடைபட்டுக் கிடக்கும் வாயுவைத் தலைதூக்க விடாமல் அழுத்திப் பிடித்திருப்பது அந்தச் சேற்றின் எடைதான். எடை குறைந்தால் வாயு கிளம்பிவிடும். கூடினால் பாறை பிளந்து சேற்றையெல்லாம் குடித்துவிடும். அந்த எடை சரியாக இருக்கிறதா என்று நகரத்து ஆய்வகத்தில் உட்கார்ந்து நிறுத்துச் சொல்கிறவள் மனைவி. ரிக்கில் எல்லோரும் அவளைத் தராசுக்காரி என்பார்கள். புருஷன் கலக்க, பெண்டாட்டி நிறுக்க, நல்ல குடும்பம் என்று கிண்டலும் செய்வார்கள்.

"நான் இந்தத் தடவ போகல," என்றான் பூனை, மெதுவாக.

"போகலேன்னா?"

"போகலேன்னா போகல. அந்தக் கெணறு சரியில்ல. சொன்னா சிரிக்கறீங்க."

"நான் சிரிச்சேனா?" என்றாள் தராசுக்காரி. "சொல்லுங்க. உக்காந்து சொல்லுங்க."

அவன் உட்காரவில்லை. "கலக்கற மிஷினை நிறுத்திட்டா சேறு அடங்கணும். அடங்கல. மேல ஆடை மாதிரி படியுது. அந்த ஆடை மெதுவா மேல வருது, கீழ போகுது. தூங்கறவன் வயிறு மாதிரி. காது வெச்சுக் கேட்டா..."

"காது வெச்சுக் கேட்டீங்களா? சேத்துலயா?"

"தொட்டிச் சுவத்துல."

"யாராவது பாத்தாங்களா?"

"எல்லாரும் பாத்தாங்க. அதான் சிரிச்சாங்க. இன்னொரு தரம் இப்படிப் பண்ணினா டாக்டர் சீட்டு வாங்கிட்டுத்தான் வேலைக்கு வரணும்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

"அதுக்கு அவரு சொல்லணுமா, நானே கூட்டிட்டுப் போறேன்," என்றாள் அக்கா. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தப்பா நெனைக்காதடா. காய்ச்சல்னா போறோம்ல, அந்த மாதிரிதான் இதுவும். தூக்கம் இல்ல. சாப்பாடு இல்ல. தண்ணி டிரம் மேல காது வெச்சுட்டு நிக்கறே. எதுத்த வீட்டுக்காரி என்னைக் கேக்கறா, உங்க தம்பி டிரம்முக்கு வைத்தியம் பாக்கறாரான்னு."

பூனை சிரிக்கவில்லை. மனைவியின் பக்கம் திரும்பினான்.

"நீதானே நிறுக்கறே. நீ சொல்லு. அந்தச் சேறு சரியா இருக்கா?"

"சரியா இருக்குங்க."

"எவ்வளவு?"

"ஒன்னு புள்ளி மூணு ரெண்டு. எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவு. இந்த மாசம் பூரா அதேதான், ஒரு மயிரிழை மாறல."

"சத்தியமா?"

"தராசுங்க அது. அதுக்கு உங்களையும் தெரியாது, என்னையும் தெரியாது. உள்ளதைக் காட்டும்."

அவன் வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

"அப்ப என் தலையிலதான் ஏதோ ஆயிடுச்சு," என்றான்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு மனசு ஆறியிருக்கும். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலச் சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனான்.

*

ஆய்வகத்தின் பின்பக்கச் சன்னல்களில் மழை வழிந்துகொண்டிருந்தது. பகல்தான், ஆனாலும் விளக்கு போட்டுத்தான் வேலை பார்க்க வேண்டியிருந்தது. நீளமான மேசை, அதன் மேல் வெள்ளை ஓடு. கழுவித் துடைத்த கிண்ணங்கள். நடுவில் அவளுடைய தராசு.

பார்வைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு இரும்புக் கை. ஒரு முனையில் சின்னக் கிண்ணம், அதற்கு நடுவில் ஓட்டை போட்ட மூடி. கிண்ணம் ததும்பச் சேற்றை ஊற்றி மூடியை அழுத்தினால், மிஞ்சியது ஓட்டை வழியாக வெளியே வரும். அதைத் துடைத்துவிட்டு, கையின் மேல் இருக்கும் எடையை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கையில் பதித்த ரசமட்டத்தின் குமிழி நடுக்கோட்டுக்கு வந்து நின்றால், எடை நிற்கும் இடத்தில் உள்ள எண்ணைப் படிக்கலாம். அவ்வளவுதான்.

ஆனால் நுரைத்த சேற்றை அப்படியே நிறுத்தால் எண் தவறிவிடும். ரிக்கிலிருந்து டப்பாக்கள் வேனில் வருகின்றன. குண்டும் குழியுமான ரோடு, மோர் கடைகிற மாதிரி கடைந்துதான் கொண்டுவந்து சேர்க்கும். ஆய்வகத் தலைவர் அதற்கு 'ரோட்டுக் காத்து' என்று பெயர் வைத்திருந்தார். ஒருமுறை அந்த நுரையோடு நிறுத்து, சேறு லேசாக இருக்கிறது என்று சொல்லி, ரிக்கில் மூட்டை மூட்டையாக மாவைக் கொட்டிக் கலக்கி, பாறை பிளந்து, ஒரு கிணற்றையே இழந்தார்கள். அன்றிலிருந்து அவர் போட்ட சட்டம்: நுரை கொல்லும் மருந்தில் ஒரு சொட்டு விடு, கலக்கு, கிண்ணத்தில் ஊற்றிச் சுண்டு விரல் கணுவால் தட்டு. குமிழி வருவது நிற்கும்வரை தட்டு. அப்புறம் நிறு. ரிக்கில் உள்ளவர்களுக்கும் தராசுக்காரியே போய் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

வேன்காரர் உள்ளே வந்தபோது சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வந்திருக்கும். டப்பாப் பெட்டியை மேசையில் வைக்காமல் வாசலிலேயே தரையில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றார்.

"என்னண்ணே, அங்கயே வெச்சுட்டீங்க?"

"நீயே எடுத்துக்க தங்கச்சி. நான் இனிமே இதைத் தொடமாட்டேன்."

"பாம்பா இருக்கு உள்ள?"

"பாம்பா இருந்தா அடிச்சுப் போட்டிருப்பேனே." அவர் குரலைத் தாழ்த்தினார். "நேத்துப் பாலத்து மேல தண்ணி. வண்டிய ஓரங்கட்டிட்டு உள்ளயே உக்காந்திருந்தேன். இஞ்சின் ஆஃப். மழைச் சத்தம் மட்டும்தான். அப்ப பின்னாலேர்ந்து 'டொக்'. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு 'டொக்'. யாரோ வண்டிக்குள்ள மாட்டிக்கிட்டுக் கதவைத் தட்டற மாதிரி. எறங்கிப் போய்த் தொறந்தேன். ஆள் இல்ல. இந்தப் பொட்டிதான் இருந்துது."

"மழை ஒழுகியிருக்கும்ணே."

"உள்ளேர்ந்து தட்டுது தங்கச்சி. நான் பாத்துட்டிருக்கும்போதே ஒரு மூடி எழும்பிச்சு. நீ நம்பினா நம்பு. அப்புறம் வண்டிக்குள்ள உக்கார மனசு வரல, நனைஞ்சுட்டே வெளிய நின்னேன்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "வர்ற வழியில பஸ் எதிர்ல போச்சு. உன் வீட்டுக்காரர் சன்னலோரமா இருந்தாரு. கையைக் காட்டினேன், பாக்கவே இல்ல."

அவர் போன பிறகு அவள் பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்தாள். டப்பாக்களின் மூடிகள் தட்டையாக இல்லை. ஒவ்வொன்றும் கன்னத்தை உப்பிக்கொண்டிருந்தது. ஒன்றைத் திறந்தாள். டப்பாவிலிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. உள்ளே சேற்றின் மேல் வழக்கமான நுரை. மருந்துச் சீசாவை எடுக்கக் கை தானாகப் போனது. இத்தனை நாளும் போனது போலவே.

பாதி வழியில் நின்றது.

வாசலுக்கு ஓடினாள். வேன் கிளம்பிக்கொண்டிருந்தது.

"அண்ணே! பாலத்துகிட்ட எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"நேத்துக் காலைலேர்ந்து இன்னிக்கு விடியற வரைக்கும்! ஒரு இஞ்ச் நகரலையே!"

அவள் மழையிலேயே நின்றாள். ஒரு பகலும் ஒரு இரவும் அசையாமல் கிடந்த சேறு. அதற்குள் ரோட்டுக் காற்று எல்லாம் எப்போதோ போயிருக்க வேண்டும். அப்படியானால் டப்பாவுக்குள் இருப்பது எந்த ஊர்க் காற்று?

உள்ளே வந்து, மருந்து விடாமல், தட்டாமல், அப்படியே கிண்ணத்தில் ஊற்றி மூடினாள். எடையை நகர்த்தினாள். வழக்கமான எண்ணில் வைத்தும் குமிழி நடுக்கோட்டுக்கு வரவில்லை. உள்ளே தள்ளினாள். இன்னும் உள்ளே. ஒன்று புள்ளி இரண்டு ஒன்றில் போய் நின்றது.

கிண்ணத்தைக் கழுவி, சட்டப்படி மறுபடி ஊற்றினாள். ஒரு சொட்டு மருந்து. தட்டினாள், தட்டினாள், குமிழி நிற்கும்வரை தட்டினாள். ஒன்று புள்ளி மூன்று இரண்டு. காலையில் புருஷனிடம் சத்தியம் செய்த எண்.

தராசைத் தொடாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அறையில் யாரும் இல்லை. மூடியின் ஓட்டையில் ஒரு சாம்பல் நிறப் புள்ளி தெரிந்தது. அது வளர்ந்தது. மண்புழு தலை நீட்டுவது போல மெல்ல வெளியே வந்து, வளைந்து, கிண்ணத்தின் ஓரமாக வழிந்து ஓட்டின் மேல் சொட்டியது. பின்னாலேயே இன்னொன்று. ரசமட்டத்தின் குமிழி நடுக்கோட்டை விட்டு நகர்ந்தது. யாரும் தொடாத தராசின் கை, உள்ளங்கையை நிமிர்த்துவது போல, கிண்ணத்தோடு மேலே எழுந்தது.

தட்டித் துரத்தியது போக இன்னும் உள்ளே இருந்தது. துரத்தத் துரத்த வந்துகொண்டே இருந்தது. ரிக்கிலும் தட்டித்தான் நிறுப்பார்கள். அவள் சொல்லிக் கொடுத்தபடி.

"சார்!" என்று அவள் கத்தியது அவளுக்கே வேறு யாரோ கத்தியது போலக் கேட்டது.

தலைவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டே வந்தார். கேட்டார், பார்த்தார். பேசாமல் கிண்ணத்தைக் கழுவித் தண்ணீர் ஊற்றி நிறுத்தார். தண்ணீர் ஒன்று காட்டியது.

"தராசு சரியா இருக்கு," என்றார்.

"நாமதான் சார் சரியா இல்ல."

"ஒரு பகல் ஒரு ராத்திரி நின்ன வண்டி..." அவர் டப்பாவுக்குள் பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நுரையில் ஒரு கண் திறந்து மூடியது. "ரோட்டுக் காத்துன்னு பேர் வெச்சவன் நான்மா," என்று சொல்லிக்கொண்டே தொலைபேசிக்கு நடந்தார். நடை அல்ல, பாதி ஓட்டம்.

ரிக் கேபினில் சூப்பர்வைசரே எடுத்தார். மழையில் குரல் விட்டுவிட்டு வந்தது. தலைவர் ஒலிபெருக்கியைப் போட்டார்.

"உடனே பம்ப்பை நிறுத்துங்க. நிறுத்திட்டுத் திரும்பற குழாய்ல சேறு வருதான்னு பாருங்க."

"பம்ப் நிறுத்தித்தான் சார் இருக்கு. குழாய் மாட்டிட்டிருக்கோம். என்ன சார் அவசரம்?"

"தொட்டிய யாரு பாக்கறா?"

"நம்ம பூனைதான். இப்பதான் வந்து எறங்கினான். பையக்கூட வெக்கல, நேரா தொட்டிக்குப் போய்ட்டான்." சிரிப்பு. "அங்க நின்னு கையைக் காட்டிட்டிருக்கான். கச்சேரி ஆரம்பிச்சுட்டான் சார்."

"என்னன்னு காட்டறாரு?" தராசுக்காரி தலைவரைத் தள்ளிக்கொண்டு போய்க் கத்தினாள். "கையை எப்படிக் காட்டறாரு?"

"யாரு, தராசுக்கார அம்மாவா? மேல... மேல மேலன்னு காட்டறான்." சிரிப்பு பாதியில் அறுந்தது. "பம்ப் ஓடலையே," என்றார் சூப்பர்வைசர், தனக்குத்தானே. "பம்ப் ஓடலையே, அப்புறம் எப்படி மேல..."

தொலைபேசி மேசையில் விழும் சத்தம். கதவு அடிபடும் சத்தம். பிறகு யாருமில்லாத அந்தக் கேபினிலிருந்து மழை மட்டும் வந்தது. மழைக்கு அடியில் இன்னொரு சத்தம், தடிமனாக, கெட்டியாக. மிகப் பெரிய தொண்டை ஒன்று எதையோ விழுங்கவும் மாட்டாமல் துப்பவும் மாட்டாமல் தவிப்பது போல. தலைவரும் அவளும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஓட்டம், விசில், இரும்பு இரும்போடு மோதுவது. பிறகு எல்லாம் ஒரேயடியாக நின்றது.

அந்த நிசப்தத்தில் அவள் மனதுக்குள் வேண்டிக்கொள்ள ஒரு வார்த்தையும் வரவில்லை. 'உள்ளதைக் காட்டும், உள்ளதைக் காட்டும்' என்று தன் குரலே திரும்பத் திரும்ப ஓடியது.

"மூடியாச்சு சார்." மூச்சிரைப்பு. "கெணத்து வாயை மூடியாச்சு. பம்ப் இல்லாம தானா வந்துட்டிருந்துது. மீட்டர்ல முள்ளு ஏறிக்கிட்டே இருக்கு சார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா..." அவர் முடிக்கவில்லை. "இந்தாங்க, இவன் பேசணுமாம்."

"எவ்வளவு?" என்றான் பூனை. வேறெதுவும் கேட்கவில்லை.

"ஒன்னு புள்ளி ரெண்டு ஒன்னு," என்றாள். "காலைல நான் சொன்னது தப்புங்க. நாங்க அதைத் தட்டித் தட்டி..."

"அப்ப என் தலை?"

"நல்லா இருக்குங்க. உங்க தலை ரொம்ப நல்லா இருக்கு."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்குப் போன் போட்டாள். "அண்ணி, பயப்படாதீங்க, அங்க..." என்று ஆரம்பித்ததுமே நாத்தனார் இடைமறித்தாள். "அவன் உசுரோட இருக்கானா? அதை மொதல்ல சொல்லு, கதையை அப்புறம் சொல்லு."

"நல்லா இருக்காரு அண்ணி. அவர் சொன்னதெல்லாம் நெசம்."

"வரட்டும். பாலை ஆறவெச்சே குடுக்கறேன். நான் ஒன்னும் கேக்கமாட்டேன்," என்றாள் நாத்தனார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

*

மழை விட்டும் விடாமலும் இருந்தது. தலைவர் தேநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"எடுத்து வெச்சிருக்கற பழைய டப்பாவையும் தட்டாம நிறுத்துப் பாக்கணும்மா. இது எப்பலேர்ந்து நமக்குச் சொல்லிட்டிருக்குன்னு தெரியணும்."

"நான் எடுத்துட்டு வரேன் சார்."

கிடங்கு அறை பின்னால் இருந்தது. சன்னல் இல்லாத அறை. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு வரிசை. விளக்கைப் போட்டதும் கணவனின் கிணற்று வரிசை எதிரே தெரிந்தது. மூடிகள் எல்லாம் உப்பியிருந்தன. அவள் எதிர்பார்த்ததுதான். ஆனாலும், இத்தனை நாள் இந்த அறைக்கு வந்து போயிருக்கிறோமே, ஒருநாள்கூட மேலே பார்க்கவில்லையே என்று உடம்பு கூசியது.

கைபேசி ஒலித்தது. பூனை.

"சாப்டியா?" என்றான். அவன் அப்படிக் கேட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

"இன்னும் இல்ல. நீங்க?"

"பசி கொல்லுது. இங்க யாரும் இருக்கக்கூடாதுன்னு எங்களையெல்லாம் வெளிய அனுப்பிட்டாங்க. வால்வு பாக்கறவங்க மட்டும் நிக்கறாங்க. நாங்க பஸ்ல ஏறிட்டோம்."

"வீட்டுக்கா?"

"பாலம் மறுபடி முழுகிடுச்சாம். பக்கத்துக் கெணத்து ரிக்குக்குப் போறோம். அங்க கொட்டகை இருக்கு, சமையல் இருக்கு. ராத்திரி அங்கதான். இவனுங்க இப்ப எனக்குச் சன்னலோர சீட்டைக் குடுத்து ஒரே மரியாதை. பூனையார்ங்கறானுங்க." அவன் சிரித்தான். பின்னால் பலர் சிரித்தார்கள். பஸ்ஸின் உறுமல் கேட்டது. "இன்னிக்கு நல்லா தூங்குவேன். அந்தச் சேறு அமைதியான சேறுதானே?"

அவள் பதில் சொல்ல வாய் திறந்தாள். போன வாரம்தான் அந்தக் கிணற்றுச் சேற்றை நிறுத்திருந்தாள். எண்கூட நினைவிருந்தது. சரியான எண்.

முதுகுக்குப் பின்னால், 'டொக்' என்றது.

திரும்பினாள். எதிர்ச் சுவரின் வரிசை. விளக்கு எட்டாத மேல் தட்டு. ஒட்டியிருந்த சீட்டைப் படிக்கக் கிட்டே போக வேண்டியிருந்தது. பக்கத்துக் கிணறுதான். முன்வரிசை மூடிகள் தட்டையாக இருந்தன. கடைசியாக வந்த டப்பாக்கள் கன்னத்தை உப்பத் தொடங்கியிருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒன்று மெல்ல, மிக மெல்ல, எழும்பியது.

"என்ன, பேச்சே காணோம்?" என்றான் பூனை.

"எறங்குங்க."

"என்னது?"

"பஸ்ஸை நிறுத்தச் சொல்லுங்க. அங்க போகாதீங்க. எறங்கிடுங்க, எல்லாரும்."

"ஏன்? எவ்வளவு காட்டுது?"

"தெரியல. இன்னும் நிறுக்கல."

அந்தப் பக்கம் பூனை மூச்சு விடுவது கேட்டது. ஒரு தடவை. இன்னொரு தடவை. பிறகு அவன் குரல் கைபேசியை விட்டு விலகி, பஸ்ஸுக்குள் உரக்க ஒலித்தது: "அண்ணே, வண்டிய நிறுத்துங்க!"

உறுமல் அடங்கியது. கதவு திறந்தது. ஈரத் தரையில் ஒவ்வொருவராக இறங்கும் காலடிகள் அவளுக்குக் கேட்டன. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.